திங்கட்கிழமைக் காய்ச்சல்

திங்கட்கிழமை வேலை முடித்துச் சாயந்திரம் வீட்டுக்கு வருகிற சென்றாயனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் இரண்டு தடவை தடுமாறுவான். உள்ளே வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பாயை உதறிப் போட்டு, போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் உடம்பு அனலாகக் கொதிக்கும். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே எலும்பை யாரோ முறுக்கிப் பிழிகிறமாதிரி வலிக்கும். வறட்டு இருமல் வேறு. செவ்வாய்க்கிழமை விடிந்தால் ஆள் எழுந்து பல் துலக்கி, டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல வேலைக்குக் கிளம்பி நிற்பான். வைகாசியில் ஆரம்பித்த இந்தக் கூத்து ஆவணி பிறந்தும் ஓயவில்லை. வாரம் முழுக்க நன்றாக இருக்கிற மனிதனுக்குத் திங்கட்கிழமை மட்டும் காய்ச்சல் வருகிறது என்றால், கேட்கிறவன் சிரிக்கத்தானே செய்வான்.

கம்பெனியில் சிரித்தார்கள். "ஞாயித்துக்கெழம ஊத்துனதுக்குக் கணக்கு திங்கக்கெழம வருதுபோல" என்று ஒருவன் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சென்றாயனும் அவர்களோடு சேர்ந்து பல்லைக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு காய்ச்சலைப் பற்றி அங்கே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் பெண்டாட்டி சுமலதா சிரிக்கவில்லை. அவளுக்குப் பிறந்த ஊர் பேரிகை. அவள் அப்பா திம்மராயன் கிரானைட் பட்டறையில் கல் பாலீஷ் போட்டவர். சனிக்கிழமை கூலி வாங்கினால் ஞாயிறு முழுக்கக் குடி. திங்கட்கிழமை சாயந்திரம் கைகால் உதறல் எடுத்து, கண் சிவந்து, பாயில் சுருண்டு கிடப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குக் கஞ்சி ஊட்டுவது மூத்த பெண்ணான அவள் வேலை. ஈரல் வெந்துதான் செத்தார். அதனால் திங்கட்கிழமை உதறல் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளைக்கு நிலம் உண்டா, வீடு உண்டா என்று அவள் கேட்கவில்லை. குடிக்காதவனா என்று ஒன்றுதான் கேட்டாள்.

சென்றாயன் குடிக்காதவன்தான். எப்போதோ அண்ணன் கல்யாணத்தில் பீர் பாட்டிலை வாயில் வைத்து, மண்டபத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததோடு சரி. ஆனால் ஓசூரில் இருந்துகொண்டு குடிக்காதவன் என்று பேரைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? வண்டியை ஒரு முறுக்கு முறுக்கினால் அத்திப்பள்ளி. கர்நாடகாவுக்குள் போய்க் குடித்துவிட்டு, எல்லை தாண்டி வந்து, நல்லபிள்ளையாய்க் கறிப் பையோடு வீட்டுக்குள் நுழையலாம். அப்படி நுழைகிறவர்கள் அவன் குடியிருக்கிற மூக்கண்டப்பள்ளியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சென்றாயன் ஞாயிறன்று கறி வாங்கப் போனால் திரும்பி வர நேரமாகும். கடையில் கூட்டம், பார்க்கிறவர்களோடு நாலு வார்த்தை, அவ்வளவுதான். அந்த நேரத்தைத்தான் சுமலதா மனசுக்குள் அத்திப்பள்ளிக்கு அனுப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குச் சொந்த ஊர் கல்லாவி. மழை வந்தால் நிலக்கடலை, வராவிட்டால் வெறும் மண் என்கிற காடு. கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ.யில் கடைசல் வேலைக்கான டர்னர் படிப்பைப் படித்துவிட்டு, ஒரு தோள்பையோடு ஓசூர் வந்து இறங்கினவன். எத்தனையோ கம்பெனியில் காண்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்று பல பேரில் ஒரே வேலையைச் செய்து, கடைசியில் சிப்காட்டில் பம்பு உறுப்புகள் கடைகிற ஒரு ஷாப்பில் நிரந்தரமானான். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஏழாம் நம்பர் சி.என்.சி. கடைசல் மிஷின் அவனுடையது. பெண்டாட்டி பிள்ளையோடு இருந்ததைவிட அந்த மிஷினோடு இருந்த நேரம்தான் அதிகம். பெருமையாக அப்படிச் சொல்லிக்கொண்ட காலமும் உண்டு. இப்போது அலுப்பாகத்தான் சொல்வான்.

மிஷின் உலோகத்தைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க, எண்ணெய் கலந்த தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். கூலன்ட் என்பார்கள். பார்க்கப் பால்மாதிரி இருக்கும். கீழே தொட்டியில் விழுந்து, வடிகட்டி, மறுபடி மேலே ஏறி வரும். மாதக்கணக்கில் அதே தண்ணீர்தான். ஞாயிறு ஒரு நாள் மிஷின் நின்றால் போதும், திங்கள் காலை தொட்டியிலிருந்து அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கும். கிருமி வளர்கிறது என்று கூலன்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு கேனில் மருந்து கொடுத்திருந்தார்கள். ஊற்றினால் நாற்றம் அடங்கிவிடும். ஏழாம் நம்பர் மிஷின் கதவில் ரப்பர் கிழிந்து நாளாயிற்று. அந்தச் சந்து வழியாகத் தூவானம் எந்நேரமும் சென்றாயன் முகத்தில்தான் அடிக்கும்.

காய்ச்சல் இதனால் இருக்குமோ என்று அவனுக்கும் ஒருமுறை தோன்றியது. தோன்றி என்ன செய்ய? நாற்றம் அடித்த திங்கட்கிழமையும் காய்ச்சல் வந்தது, மருந்து ஊற்றி நாற்றமே இல்லாத திங்கட்கிழமையும் வந்தது. சொல்லப்போனால் மருந்து ஊற்றின வாரம் ஒரு படி அதிகமாகவே வந்தது. சுத்தமான தண்ணீரில் எப்படிக் காய்ச்சல் வரும் என்று அந்த யோசனையை அதோடு விட்டுவிட்டான்.

சுமலதாவே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாதென்பதால் செவ்வாய்க்கிழமைதான் போனார்கள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் எங்கே இருக்கிறது? மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை, நெஞ்சுப் படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றான் சென்றாயன். டாக்டர் அவனை விட்டுவிட்டு சுமலதாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் குறுகிப்போனாள். வீடு வரும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்தவள் அவன் தோளைப் பிடிக்கவேயில்லை.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை முற்றிவிட்டது. ஆத்திரத்தில் சென்றாயன் விளையாடிக்கொண்டிருந்த மகள் யுவஸ்ரீயைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் தலையில் கையை வைத்தான்.

"இவ தலமேல சத்தியமா சொல்றன், நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. போதுமா?"

நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை என்ன ஏதென்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிள்ளை தலைமேல் பொய்ச் சத்தியம் செய்கிற அளவுக்கு எந்தத் தகப்பனும் போகமாட்டான் என்று அன்று ராத்திரி சுமலதா நம்பவே செய்தாள். மறுநாள் திங்கட்கிழமை. சாயந்திரம் சிவந்த கண்ணும் தள்ளாட்டமுமாக வந்து விழுந்தான் மனுஷன்.

அவள் கத்தவில்லை. யுவஸ்ரீயை மடியில் வைத்துக்கொண்டு, பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தாக்கக் கூடாதென்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மறுபடி சுற்றினாள். போர்வைக்குள்ளிருந்து சென்றாயன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தான். அவளுக்குக் கோபம் இல்லை, பயம் வந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. கோபத்துக்குப் பதில் சொல்லலாம். பயத்துக்கு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது அவள் நிதானமாகச் சொன்னாள்.

"ஆயுத பூஜ வரைக்கும் பாப்பேங்க. பூஜ முடிஞ்சி வர்ற திங்கக்கெழம இதே கோலத்துல வந்தீங்கன்னா, நான் புள்ளயக் கூட்டிகிட்டுப் பேரிகைக்குப் போயிடுவேன். எங்கப்பனப் பாத்த மாதிரி இன்னொருத்தரையும் பாக்க எனக்குத் தெம்பு கெடையாது."

"நான் குடிக்கறதில்ல சுமா."

"அதான் சத்தியம் பண்ணீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் திருவிழா. இரண்டு நாளைக்கு முன்பே மிஷினையெல்லாம் நிறுத்தி, கழுவித் துடைத்து, தரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தையும் ஷாப்புக்குள் விடுவார்கள். சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் நல்ல மனுஷர், ஆனால் பேர் கெட்டுவிடுமோ என்று எப்போதும் பதறுகிறவர். பூஜைக்கு முதல் நாள் ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ரெண்டு நாளா மிஷின் நிக்குது. நாளைக்கு ஸ்டார்ட் பண்ணா நாத்தம் தாங்காது. நம்ம வூட்டுப் பொம்பளைங்க மூக்கப் பொத்திகிட்டு நின்னா அசிங்கம் நமக்குத்தான். எல்லா டேங்க்லயும் மருந்து ஊத்திடுங்கப்பா."

வழக்கமாகத் தொட்டிக்கு ஒரு மக் மருந்து. சென்றாயன் ஒரு மக் ஊற்றிவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தான். இன்னும் லேசாக நெடி இருந்தது. சுமலதா வருகிறாள். அவள் வருவதற்குக் காரணமும் அவனுக்குத் தெரியும். அவனோடு யார் யார் குடிக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு. வந்து பார்க்கட்டும், தான் நிற்கிற இடம் எவ்வளவு ஒழுங்கான இடம் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தான். கேனில் மிச்சமிருந்ததையும் அப்படியே கவிழ்த்தான். நெடி அடங்கிவிட்டது. நிம்மதியாகக் கை கழுவினான்.

மறுநாள் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், கன்ட்ரோல் பேனலுக்குச் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். சுண்டல், பொரி, லட்டு எல்லாம் உண்டு. முற்றத்தில் பிள்ளைகளுக்கு மியூசிக்கல் சேர் வைத்திருந்தார்கள். யுவஸ்ரீ அங்கேயே நின்றுவிட்டாள். அந்த ஷாப்பில் ஒரு பழக்கம், ஆரத்தி முடிந்ததும் அவரவர் வீட்டுப் பெண்கள் கையால் பச்சைப் பட்டனை அழுத்தி மிஷினை ஓட வைக்க வேண்டும். மகாலட்சுமி கை பட்டால் அந்த வருஷம் மிஷின் பிரேக்டவுன் ஆகாது என்று சொல்வார்கள். கதவை மூடி ஓட்டினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அதனால் அன்றைக்கு மட்டும் கதவு திறந்தாலும் நிற்காதபடி மிஷினுக்குச் சாவி போட்டு, திறந்து வைத்தே ஓட்டுவார்கள்.

சுமலதா அரக்குப் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகச் சுற்றி நின்றவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அளந்தாள். ஐந்தாம் நம்பர் மிஷின் ராமப்பன் அவளிடம் வந்து, "உங்க வூட்டுக்காரரு டீ குடிக்கக்கூட எங்களோட வரமாட்டாரும்மா, அப்பிடி ஒரு ஆளு" என்று குறைபட்டுக்கொண்டான். அவள் சென்றாயனைத் திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கொஞ்சம் முகம் இளகினமாதிரி இருந்தது.

பச்சைப் பட்டனை அவள் அழுத்தினாள். உருளை சுற்ற, பால்வெள்ளைத் தண்ணீர் பீய்ச்சியடிக்க, திறந்த கதவு வழியாகத் தூவானம் புகைபோலக் கிளம்பி அவள் முகம், கழுத்து, பட்டுச்சேலை எல்லாவற்றிலும் படிந்தது. அவள் விலகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பன்னீர் தெளிச்ச மாதிரி இருக்குதுங்க."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவனைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். சென்றாயன் மிஷினை நிறுத்த மனசில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். அது எப்படிச் சுற்றுகிறது, டூல் எங்கே மாறுகிறது என்று பக்கத்தில் நிறுத்தி வைத்துக் காட்டினான். அவளும் தலையை உள்ளே நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

சாயந்திரம் வீட்டில் விளக்கேற்றும்போது சுமலதாவுக்குத் தொண்டை கரகரத்தது. வெயில் சூடு என்றாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று சென்றாயனுக்கு வரிசையாகத் தெரியும். இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உதறல் எடுத்தது. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு மிஷின் முன்னால் நின்றதில் அவனுக்கும் உடம்பு காய ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கிடந்து நடுங்கினார்கள். யுவஸ்ரீ பயந்துபோய் வீட்டுக்காரம்மா செல்வம்மாளைக் கூட்டி வந்தாள். அந்தம்மா மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்து, இரண்டு பேரையும் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"இப்பிடித்தான் இருக்குமா?" என்றாள் சுமலதா. பல் அடித்துக்கொண்டதில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"ம்."

"எலும்பெல்லாம் பிழியற மாதிரி..."

"மொழங்காலுக்குக் கீழ."

"ம். அங்கதான்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "நான் எதையும் குடிக்கலயேங்க" என்றாள் மெதுவாக. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்கலாம். சென்றாயனுக்கு மனசு வரவில்லை. போர்வையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

காலையில் அவளுக்குக் காய்ச்சல் இல்லை. துவைத்துப் போட்டமாதிரி அசதி மட்டும் இருந்தது. லீவு முடிந்து கம்பெனிக்குப் போனால் அங்கே ஒரே அமளி. வேறு மூன்று பேர் வீட்டுப் பெண்களுக்கும், ஹரீஷ்குமாரின் அம்மாவுக்கும் அதே சாயந்திரம் அதே குளிர்காய்ச்சல். சுண்டல் கெட்டுப்போயிருக்கிறது என்று ஹரீஷ்குமார் தீர்ப்பே எழுதிவிட்டார். கேன்டீன் காளியம்மாளை நிற்க வைத்து விசாரணை நடந்தது.

"ஏன் சார், சுண்டலு கெட்டா வயிறு போவும். நெஞ்சு எதுக்கு அடைக்குது? முற்றத்துல ஓடியாடுன புள்ளைங்க அள்ளி அள்ளித் தின்னுச்சுங்க, அதுங்க ஒண்ணுகூடப் படுக்கலயே" என்று காளியம்மாள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். இருந்தாலும் சுண்டல்தான் என்று முடிவாகியிருந்தது.

ஹரீஷ்குமார் எதற்கும் இருக்கட்டும் என்று கூலன்ட் கம்பெனியிலிருந்தும் ஆளை வரவழைத்தார். ஃபெபா என்று கிருஷ்ணகிரிப் பெண். மைக்ரோபயாலஜி படித்தவள், மாதம் ஒருமுறை வந்து தொட்டித் தண்ணீரைச் சோதிப்பவள். கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற பட்டையை எல்லாத் தொட்டியிலும் முக்கி எடுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை மறுபடி வந்தாள். பட்டையெல்லாம் சுத்தமாக இருந்தது, ஒரு புள்ளி இல்லை. "பாத்தீங்களா, கிருமியே கெடையாது" என்று ஹரீஷ்குமார் பெருமூச்சு விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். ஏழாம் நம்பர் தொட்டிப் பக்கம் குனிந்திருந்தவளிடம் சென்றாயன் தயங்கித் தயங்கிப் போய் நின்றான். அவர்கள் சிரித்ததிலிருந்து இங்கே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான். திங்கட்கிழமை வருவதை, செவ்வாய்க்கிழமை போவதை, இப்போது சுமலதாவுக்கு வந்ததை எல்லாம் சொன்னான்.

ஃபெபா பையைக் கீழே வைத்தாள். வேலை முடிந்து எத்தனை நேரம் கழித்து ஆரம்பிக்கும், ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தால் வருகிறதா, லீவு முடிந்து வந்த முதல் நாள் கூடுதலாக இருக்கிறதா என்று கேட்டாள். குடிப்பீர்களா என்று கேட்கவில்லை.

"அண்ணா, இந்தப் பட்டையில உயிரோட இருக்கறதுதான் வளரும். செத்தது தெரியாது" என்றாள். "இந்தத் தண்ணியில வர்ற கிருமிக்கு வெளிப்பக்கம் ஒரு தோலு உண்டு. அந்தத் தோல்லருந்து பொடிப் பொடிக் குமிழியா கிள்ளிக் கிள்ளி வெளிய விட்டுகிட்டே இருக்கும். அது அதோட சுபாவம். மருந்து பட்டா, சாவறதுக்கு முன்ன இன்னும் ஜாஸ்தியா விடும். செத்தப்புறம் மிச்சத் தோலும் கிழிஞ்சு தண்ணியோட கலந்துடும். அந்தக் குமிழி நம்ம ஃபில்டர்ல நிக்காது, அவ்ளோ சின்னது. தூவானத்தோட சேந்து நெஞ்சுக்குள்ள போயிடுது."

"உயிரில்லாத தோலு என்னாங்க மேடம் பண்ணும்?"

"அது ஒண்ணும் பண்றதில்லண்ணா. பண்றதெல்லாம் நம்ம ஒடம்புதான். கேட்ல செக்யூரிட்டி நிக்கற மாதிரி நெஞ்சுக்குள்ள காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. இந்தத் தோல அவங்களுக்குப் பொறந்ததுலருந்தே அடையாளம் தெரியும். அதப் பாத்துட்டா உள்ள கிருமி இருக்குதா, வெறும் சட்டதானான்னு பாக்கமாட்டாங்க, சைரன் அடிச்சிடுவாங்க. ஒடனே ஒடம்பு முழுக்கச் சூடு, வலி, நடுக்கம். எதிரிய விரட்டறதா அதுக்கு நெனப்பு. அங்க எதிரியே கெடையாது."

"அப்ப செவ்வாக்கெழம ஏன் வரல?"

"தெனம் அடிச்சா காவல்காரனுக்கே சலிச்சிடும். கண்டுக்காம விட்டுடுவான். ஒரு நாள் லீவு போட்டு வந்தா மறுபடி உஷாராயிடுவான். வெளிநாட்டுல இதுக்கு மண்டே ஃபீவர்னே பேரு. பஞ்சு மில்லுலயும் இதேதான்."

"புதுசா வர்றவங்களுக்கு?"

"அவங்களுக்குப் பழக்கமே இல்லயே. மொதோ தடவயே சைரன்தான்." அவள் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "மருந்து மொத்தமும் காலி. யாருண்ணா இவ்ளோ ஊத்துனது?"

நெடி அடிக்கக் கூடாது என்று கேனைக் கவிழ்த்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான் சென்றாயன். பன்னீர் தெளித்தமாதிரி இருக்கிறது என்று சிரித்த முகம் கண்ணுக்குள் வந்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது அவனுக்கு.

ஒரு நாள் பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சரியாகிவிடும் என்றாள் ஃபெபா. வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால்தான் நுரையீரல் கெட்டுப்போகும், நெஞ்சு டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள், இந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிக் காட்டுங்கள் என்றாள். ஹரீஷ்குமாரிடமும் போய்ச் சொன்னாள். தொட்டியெல்லாம் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும், கதவு ரப்பர் மாற்ற வேண்டும், தூவானத்தை உறிஞ்ச மிஷின் வைக்க வேண்டும். ஹரீஷ்குமார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செஞ்சிடலாம்மா. பொங்கல் ஷட்டவுன்ல கண்டிப்பா செஞ்சிடலாம். இப்ப டிஸ்பேட்ச் தலமேல நிக்குது, மிஷின நிறுத்த முடியாது."

பொங்கல் வருவதற்கு இன்னும் எத்தனை திங்கட்கிழமை இருக்கிறது என்று சென்றாயன் எண்ணிப் பார்க்கவில்லை. கிழிந்த ரப்பர்மேல் ஒட்டச் சொல்லி ஹரீஷ்குமார் ஒரு டேப்பு சுருள் கொடுத்தார். ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

வழியெல்லாம் அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். மாதக்கணக்காகச் சுமந்ததை இறக்கி வைக்கப் போகிறோம் என்று வண்டியை விரட்டினான். சுமலதா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, ஃபெபா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். கேனைக் கவிழ்த்ததையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சொல்லி முடித்தபோது கத்தி எப்போதோ நின்றிருந்தது.

"அப்ப நீங்க குடிக்கல."

"இல்ல சுமா."

அவள் எழுந்து வந்து அவன் கன்னத்தில் கையை வைத்தாள். "என்னென்ன பேசிட்டேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. சென்றாயனுக்கு அழுகை முட்டியது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை மாதம் காத்துக் கிடந்தான்.

அப்படியே நின்றபடி அவள் கேட்டாள்: "வேற மிஷினுக்கு மாத்தச் சொன்னா மாத்துவாங்களா?"

"எல்லா மிஷின்லயும் அதே தண்ணிதான்."

"வேற கம்பெனி பாத்தா?"

"டர்னருக்கு எங்க போனாலும் இந்தத் தண்ணிக்கு முன்னாலதான் நிக்கணும். வேற என்னா தெரியும் எனக்கு?"

"காட்டுக்கே போயிடலாமா, கல்லாவிக்கு?"

அவன் சிரிக்க முயன்றான். அந்தக் காட்டில் என்ன விளையும் என்று அவளுக்கும் தெரியும். யுவஸ்ரீ தெருவில் யாரோடோ சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். சுமலதா அவன் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே நின்றாள். அவள் முகத்தில் இவ்வளவு நாளும் இருந்த சந்தேகம் போயிருந்தது. ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

"குடிச்சிருந்தீங்கன்னாகூடத் தேவலங்க" என்றாள். "கால்ல விழுந்தாவது நிறுத்தியிருப்பேன். நாளான்னைக்குத் திங்கக்கெழம வேலைக்குக் கெளம்பி நிப்பீங்களே, அப்ப நான் என்னான்னு சொல்லி நிறுத்தறது?"